ஆம்ப்ளிஃபையர் ஏன் சுடுகிறது, கிளாஸ் டி ஏன் சுடுவதில்லை

பழைய வீடுகளில் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் டிபன் டப்பா அளவில் ஒரு ஃபேன் ரெகுலேட்டர் இருக்குமே, நினைவிருக்கிறதா? ஐந்தில் வைத்தால் சும்மா இருக்கும். ஒன்றிலோ இரண்டிலோ வைத்து ராத்திரி முழுக்க ஓடவிட்டால் காலையில் தொடும்போது கை சுடும். ஃபேன் மெதுவாகத்தானே ஓடுகிறது, கரண்டு மிச்சம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். ஃபேனுக்குப் போகாததில் பெரும்பங்கை உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் சூடாக்கித் தீர்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் வந்த எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் ஒரு சுவிட்ச் அளவுக்குச் சுருங்கிவிட்டது, சூடும் போய்விட்டது. அது கரண்டோடு மல்லுக்கட்டுவதில்லை, நொடிக்கு நூறு தடவை வெட்டி வெட்டி விடுகிறது.

ஆம்ப்ளிஃபையர்களை அவை வேலை செய்கிற விதத்தை வைத்து ஏ, பி, ஏபி, டி என்று கிளாஸ்களாகப் பிரிப்பார்கள். அதில் கிளாஸ் ஏபிக்கும் கிளாஸ் டிக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய இதுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் பலரும் நேராகச் சத்தத்துக்குப் போய்விடுகிறார்கள்: டி என்றால் டிஜிட்டல், அதனால் பாட்டில் உயிர் இருக்காது, பழைய டிரான்சிஸ்டர் செட்டின் பேஸ் வராது என்றெல்லாம். முதலில் அந்த டி விஷயத்தை முடித்துவிடுவோம். ஏ, பி, சி என்று ஏற்கெனவே மூன்று வகைக்குப் பெயர் வைத்தாகிவிட்டது, அடுத்து வந்தது டி, அவ்வளவுதான். சி எங்கே போனது என்றால், அது ரேடியோ டிரான்ஸ்மிட்டர்களில் பயன்படுகிற வகை, பாட்டுக்கு ஆகாது.

சரி, ஏயிலிருந்து வருவோம்.

கிளாஸ் ஏ என்பது வண்டியை நிறுத்தி வைத்திருக்கும்போதும் ஆக்ஸிலேட்டரை முறுக்கியே வைத்திருப்பது போல. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் டிரான்சிஸ்டர் வழியாக எப்போதும் தேவையான அளவு கரண்டு போய்க்கொண்டே இருக்கும், அது ஒரு கணமும் அணைவதில்லை. 1969இல் ஜான் லின்ஸ்லி ஹூட் என்பவர் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் எழுதிய 10 வாட் கிளாஸ் ஏ சர்க்யூட்டை இன்றைக்கும் ஆட்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதில் 27 வோல்ட், 1.2 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 32 வாட்டுக்கு மேல். ஸ்பீக்கருக்கு அதிகபட்சம் 10 வாட் கொடுப்பதற்காக ஒவ்வொரு சேனலும் 32 வாட்டை ஓயாமல் தின்கிறது. பாட்டை நிறுத்திவிட்டு நீங்கள் சாப்பிடப் போனாலும் அது தின்றுகொண்டேதான் இருக்கும். சூட்டை வெளியேற்றுகிற உலோகத் தகடான ஹீட்சிங்க் மேல் தோசை ஊற்றலாம் என்று கிண்டல் செய்வார்கள், முழுப் பொய்யும் இல்லை.

கிளாஸ் பி அதற்கு நேர் எதிர். இரண்டு பேர் பிடித்து இழுக்கிற மரம் அறுக்கும் ரம்பத்தைப் பார்த்திருப்பீர்கள், ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக்கொடுப்பார். அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் பார்த்துக்கொள்ளும், பாட்டு இல்லாதபோது இரண்டுக்கும் ஓய்வு. காகிதத்தில் 78.5 சதவீதம் வரை திறன் வரும். சிக்கல் கைமாறுகிற இடத்தில்தான். சிலிக்கான் டிரான்சிஸ்டர் விழித்துக்கொள்ளவே ஏறக்குறைய 0.6 வோல்ட் வேண்டும், அதனால் ஒன்று தூங்கி மற்றது எழும் அந்த இடைவெளியில் அலை நொண்டும். சத்தமாக வைத்தால் அவ்வளவாகத் தெரியாது, மெதுவாக வைத்தால் மணல் கலந்த மாதிரி கரகரக்கும்.

இரண்டுக்கும் நடுவே வந்த சமாதானம்தான் கிளாஸ் ஏபி. இரண்டு டிரான்சிஸ்டரும் அரைக்கண் விழித்தபடியே இருக்கும்படி கொஞ்சம் பயாஸ் கரண்டு கொடுத்துவிடுவது. நம் ஊரில் அசெம்பிள் செய்யப்பட்ட செட்டுகள் பெரும்பாலும் இந்த வகைதான்: 4440 ஐசி போட்ட சின்ன போர்டு, டிடிஏ2030, டிடிஏ7294, எஸ்டிகே ஐசிகள், அப்புறம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெயரைச் சொன்னாலே எடுத்துக் கொடுக்கிற 5200-1943 டிரான்சிஸ்டர் ஜோடி. நன்றாகக் கட்டிய ஏபி ஆம்ப்ளிஃபையரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நான் ஆரம்பித்ததும் 4440இல்தான்.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. 5200-1943 போட்ட ஒரு செட்டை எடுத்துக்கொள்வோம், பிளஸ் மைனஸ் 35 வோல்ட், 8 ஓம் ஸ்பீக்கர். முழு வேகத்தில் ஓட்டினால் உள்ளே போகிற மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும், அது கௌரவமான எண்தான். விளம்பரத்திலும் பாடப் புத்தகத்திலும் இருப்பது அந்த எண். வீட்டில் யார் முழு வேகத்தில் ஓட்டுகிறார்கள்? சாதாரண ஸ்பீக்கர் ஒன்று 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் அளவுக்குச் சத்தம் போடும், அதுவே ஹாலில் பேச்சுக் குரல் அமுங்கிப்போகிற சத்தம். ராத்திரி எட்டு மணிக்கு நாம் பாட்டுக் கேட்பது பெரும்பாலும் 1 வாட்டுக்கும் கீழேதான்.

அந்த 1 வாட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஸ்பீக்கருக்குத் தேவை 2.8 வோல்ட். சப்ளையில் இருப்பதோ 35. மிச்சம் 32 வோல்ட் எங்கே போகும்? டிரான்சிஸ்டரின் தலையில்தான். ஸ்பீக்கருக்குப் போகிற அதே கரண்டு அந்த 32 வோல்ட்டையும் சுமந்துகொண்டு டிரான்சிஸ்டர் வழியாகப் போகிறது, அப்படியே சூடாகிறது. பயாஸையும் சேர்த்தால் 1 வாட் பாட்டுக்கு 12 வாட்டுக்குப் பக்கத்தில் செலவாகும். அதாவது திறன் எட்டு சதவீதம்! எழுபது, எழுபத்தைந்து என்று நாம் படித்ததெல்லாம் கல்யாண வீட்டுக்கான எண். இன்னொரு வேடிக்கை, ஏபி ஆம்ப்ளிஃபையர் அதிகமாகச் சுடுவது முழு வேகத்தில் இல்லை. கொடுக்கக்கூடிய அதிகபட்ச பவரில் நாற்பது சதவீதம் கொடுக்கும்போதுதான் டிரான்சிஸ்டர் மேல் பாரம் உச்சத்துக்குப் போகும். அந்தப் பழைய ஃபேன் ரெகுலேட்டர் மாதிரியேதான், நடுவழியில் நிற்பதுதான் செலவு.

கிளாஸ் டி இந்த நடுவழியையே ஒழித்துவிடுகிறது. அதில் இருக்கிற மாஸ்ஃபெட்டுக்கு (வேகமாகத் திறந்து மூடுகிற ஒரு வகை டிரான்சிஸ்டர்) இரண்டே நிலைதான். முழுக்கத் திறந்திருந்தால் கரண்டு போகும், ஆனால் அதன் குறுக்கே வோல்டேஜ் ஏறக்குறைய இல்லை. முழுக்க மூடியிருந்தால் வோல்டேஜ் இருக்கும், கரண்டு இல்லை. சூடு என்பது இரண்டையும் பெருக்கி வருவது. ஏதாவது ஒன்று எப்போதும் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் பெருக்கல் தொகையும் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். உள்ளே வரும் பாட்டின் அலையை வேகமான ஒரு முக்கோண அலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது ஒரு கம்பேரட்டர்: பாட்டு மேலே இருந்தால் ஆன், கீழே இருந்தால் ஆஃப். நொடிக்கு 4 லட்சம் தடவை, சிலவற்றில் 10 லட்சத்துக்கும் மேல். பாட்டு உயரும்போது ஆன் நேரம் அகலமாகும், இறங்கும்போது குறுகும். வெளியே வருகிற அந்தச் சதுர அலையை ஒரு காயிலும் (கம்பிச்சுருள்) கண்டென்சரும் சேர்ந்து வழித்துச் சமப்படுத்தினால் வெட்டுகள் போய்ப் பாட்டு மட்டும் ஸ்பீக்கருக்கு வந்துவிடும். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள், அந்த அகலம் எங்கேயும் எண்ணாக மாற்றப்படவில்லை. தொடர்ச்சியாகக் கூடுகிறது, குறைகிறது. டிஜிட்டலாக உள்ளீடு வாங்கி எண்ணிலிருந்து நேராகப் பல்ஸ் செய்கிற ஐசிகளும் உண்டு, ஆனால் கடையில் கிடைக்கிற சாதாரண டிபிஏ3116 ஐசி போட்டது மாதிரியான போர்டு ஒரு அனலாக் ஆம்ப்ளிஃபையர்தான், ஆன்-ஆஃப் வேஷம் போட்டிருக்கிறது.

நூற்றுக்கு நூறு வருமா என்றால் வராது. திறந்திருக்கும் மாஸ்ஃபெட்டிலும் கொஞ்சம் மின்தடை இருக்கிறது, ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் அந்தக் கண நேரத்தில் கொஞ்சம் போகிறது, காயிலில் கொஞ்சம் போகிறது. தொண்ணூறுக்குப் பக்கத்தில் நிற்கும். பாட்டே இல்லாதபோது அந்தச் சின்ன போர்டு தின்பது ஒரு வாட்டும் கொஞ்சமும்.

இது புது யோசனை என்று நினைத்துவிடாதீர்கள். 1964இல் இங்கிலாந்தில் கிளைவ் சின்கிளேர் எக்ஸ்-10 என்ற பெயரில் கிளாஸ் டி கிட் ஒன்றைக் கடைக்கே கொண்டுவந்துவிட்டார், பிற்பாடு வீட்டுக் கம்ப்யூட்டரால் பெயர் வாங்கிய அதே சின்கிளேர்தான். பெயரில் 10 இருந்தது, வெளியே வந்தது இரண்டரை வாட். அன்றைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரால் அந்த வேகத்தில் திறந்து மூட முடியவில்லை. 1978இல் சோனி டிஏ-என்88 என்று ஒன்றைச் செய்தது. யோசனை தயாராக இருந்தது, சுவிட்ச்தான் தயாராக இல்லை. வேகமான மாஸ்ஃபெட் மலிவான பிறகுதான் வண்டி ஓடியது. 1998இல் டிரைபாத் என்ற அமெரிக்க நிறுவனம் டிஏ2020 ஐசியைக் கொண்டுவந்தது, 'கிளாஸ் டி' (D) என்று தன் வகைக்குப் பெயர் வைக்காமல் 'கிளாஸ் டீ' என்று ஆங்கில T எழுத்தைப் போட்டுக்கொண்டது (உள்ளே அதேதான், வியாபாரப் பெயர்). அந்த ஐசி போட்ட மலிவு டப்பாக்கள் விலையுயர்ந்த செட்டுகளோடு ஒப்பிடப்பட்டுப் பெரிய பேச்சானது. நிறுவனம் 2007இல் திவாலானது. இதே காலத்தில் ஃபிலிப்ஸில் இருந்த புரூனோ புட்சேய்ஸ் யூசிடி என்ற முறையைக் கண்டுபிடித்தார், அப்புறம் ஹைபெக்ஸ் நிறுவனத்தின் என்கோர், பியூரிஃபை என்று அவர் கை பட்டவை வரிசையாக வந்தன. அவற்றில் டிஸ்டார்ஷன், அதாவது பாட்டின் அலை உருக்கெடுகிற அளவு, 0.001 சதவீதத்துக்கும் கீழே அளக்கப்படுகிறது. இதற்கு மேல் கிளாஸ் டியில் உயிர் இல்லை என்பவரோடு எனக்கு வாதம் இல்லை, கண்ணைக் கட்டிவிட்டு ஒரு தடவை கேட்டுப் பார்க்கச் சொல்வேன்.

அப்படியானால் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது? முந்நூறு ரூபாய் போர்டிலிருந்து. இங்கேதான் நிஜமான விஷயம் இருக்கிறது.

முதலில் காயில். வெட்டுகளை வழித்தெடுக்க ஒவ்வொரு சேனலுக்கும் நல்ல காயில் வேண்டும், அதுதான் போர்டிலேயே இடத்தையும் காசையும் அடைக்கிற உறுப்பு. மலிவு போர்டில் பட்டாணி அளவுக்கு ஒன்றை வைத்திருப்பார்கள். பேஸ் அடிக்கும்போது கரண்டு ஏறினால் அதன் நடுவில் இருக்கிற ஃபெரைட் என்ற காந்தப் பொருள் திணறிவிடும், காயில் காயிலாகவே வேலை செய்யாது. அந்த நேரத்தில் வருகிற உடைந்த சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் கிளாஸ் டி மோசம் என்கிறோம். விஷயம் தெரிந்தவர்கள் போர்டைக் கையில் வாங்கியதும் ஐசி நம்பரைப் பார்ப்பதற்கு முன் காயிலைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்தது அந்த ஃபில்டருக்கும் ஸ்பீக்கருக்கும் இருக்கிற உறவு. 10 மைக்ரோஹென்றி காயிலும் 0.68 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் போட்டால் அது 61 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் அதிரும். ஸ்பீக்கர்தான் அந்த அதிர்வை அடக்கும் பிரேக். 4 ஓமுக்குச் சரியாக அமைத்த போர்டில் 8 ஓம் ஸ்பீக்கர் போட்டால் பிரேக் குறைந்து டிரெபிள் கடைசியில் கொஞ்சம் தூக்கும். எதிர்மாறாகச் செய்தால் மங்கும். ஒரே போர்டை ஒருவர் காதைக் குத்துகிறது என்றும் இன்னொருவர் மந்தம் என்றும் சொல்வது இதனாலும் இருக்கலாம், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. வெளியே வருவதை உள்ளே திருப்பிக் கொடுத்துப் பிழையைத் திருத்துகிற ஃபீட்பேக்கை காயிலுக்கு அப்புறம் எடுத்தால் இந்தத் தொல்லை போய்விடும். புட்சேய்ஸ் செய்ததில் முக்கியமானது இதுதான். மலிவு ஐசிகள் பெரும்பாலும் காயிலுக்கு முன்னாலேயே எடுத்துவிடுகின்றன.

மூன்றாவது ரேடியோ. 400 கிலோஹெர்ட்ஸில் வெட்டினால் அதன் மடங்குகளான 800ம் 1200ம் மீடியம் வேவ் பட்டைக்குள் வந்து உட்காரும். என் அப்பா காலையில் சென்னை வானொலியை 720இல் வைத்துச் செய்தி கேட்பார். மேஜையில் மூடியில்லாமல் கிடந்த என் போர்டை ஆன் செய்தால் போதும், செய்தி வாசிப்பவர் குரல் இரைச்சலுக்குள் முங்கிவிடும், அடுத்த ரூமிலிருந்து என் பெயர் கேட்கும். இரும்புப் பெட்டிக்குள் போட்டு ஸ்பீக்கர் ஒயரைச் சுருக்கிய பிறகுதான் வீட்டில் அமைதி. காருக்குப் போகிற ஐசிகளில் இதற்காகவே வெட்டும் வேகத்தை மாற்றிக்கொள்ள வசதி வைத்திருக்கிறார்கள். கிளாஸ் ஏபிக்கு இந்தத் தலைவலியே கிடையாது, அது ஒரு நிஜமான பிளஸ் பாயின்ட்.

நான்காவதைக் காசு கொடுத்துக் கற்றேன். பழைய 4440 செட்டுக்காக ஹாலில் மூன்றே ஒயர் இழுத்திருந்தேன்: லெஃப்ட், ரைட், இரண்டுக்கும் பொதுவாக ஒரு எர்த். செட்டை எடுத்துவிட்டு அதே ஒயர்களில் புது கிளாஸ் டி போர்டை மாட்டினேன். டப் என்று ஒரு சத்தம், ஐசியிலிருந்து நூல் மாதிரி புகை. இந்தப் போர்டுகளில் பெரும்பாலும் ஸ்பீக்கரின் இரண்டு முனைக்குமே ஆம்ப்ளிஃபையரிலிருந்து சிக்னல் போகிறது, மைனஸ் என்று எழுதியிருந்தாலும் அது எர்த் இல்லை. இரண்டு மைனஸையும் சேர்த்துக் கட்டினால் இரண்டு சேனலும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். காரில் பழைய ஸ்பீக்கர் ஒயரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு செட்டை மட்டும் மாற்றுகிறவர்கள் இதைச் சரிபார்த்துவிட்டு மாட்டுங்கள்.

அப்புறம் இந்த வாட் வியாபாரம். ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பெட்டியில் பிஎம்பிஓ என்ற ஊதிப் பெருக்கிய வாட் கணக்கை ஆயிரக்கணக்கில் போட்டிருப்பார்கள், இப்போது அந்த இடத்தில் '200 வாட் போர்டு' உட்கார்ந்திருக்கிறது. இதைச் சரிபார்க்க இன்ஜினியரிங் படிக்க வேண்டாம். இந்த இரு முனைப் போர்டுகளில் சப்ளை வோல்டேஜை அதே வோல்டேஜால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமை இரண்டால் பெருக்கி, முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஒரு சேனலுக்குக் கிடைக்கக்கூடிய உச்சம் வந்துவிடும். 12 வோல்ட் அடாப்டர், 4 ஓம் என்றால் 144ஐ 8ஆல் வகுத்தால் 18 வாட். 8 ஓம் என்றால் 9. அதற்கு மேல் சத்தம் கூடினால் அது அலையின் தலையை வெட்டிக் கூட்டியது. டிபிஏ3116க்கு 50 வாட் என்று கம்பெனி கொடுக்கிற டேட்டாஷீட் சொல்வதே 21 வோல்ட்டில், 4 ஓமில், 10 சதவீத டிஸ்டார்ஷனோடு. ஏமாற்று இல்லை, எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் பத்து சதவீதம் என்பது காது உள்ள யாருக்கும் தெரியும் கரகரப்பு. போர்டை மாற்றாமல் 12 வோல்ட் அடாப்டரை மட்டும் 24 ஆக மாற்றியவர்கள், போர்டு தாங்குமென்றால், புது ஆம்ப்ளிஃபையர் வாங்கிய சந்தோஷத்தை அடைவது இதனால்தான்.

எடை குறைந்ததற்கான பாராட்டு முழுவதையும் கிளாஸ் டிக்குக் கொடுப்பதும் சரியில்லை. பழைய செட்டின் கனத்தில் பாதி டிரான்ஸ்ஃபார்மர், அதை ஒழித்தது எஸ்எம்பிஎஸ், அதாவது கரண்டை வேகமாக வெட்டி வோல்டேஜை மாற்றுகிற பவர் சப்ளை. அது தனிக்கதை, ஏபியோடும் எஸ்எம்பிஎஸ் போடலாம்.

நடுவில் ஜி, எச் என்று இரண்டு உண்டு. பாட்டு மெதுவாக இருக்கும்போது குறைந்த சப்ளையிலும் சத்தம் ஏறும்போது மட்டும் அதிக சப்ளையிலும் ஓடும் ஏபிகள் அவை. ஹிட்டாச்சி 1977லேயே ஜி வகையை விற்றது. திருவிழாவுக்கு வருகிற சவுண்ட் சர்வீஸ்காரர்களின் ரேக்கில் இரண்டு ஆள் தூக்குகிற கனமான ஆம்ப்ளிஃபையர்களில் எச் நிறைய உண்டு, பேஸ் பெட்டிக்கு அதுதான் வேண்டும் என்று இன்னும் அடம்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அடத்தில் பாதி பழக்கம், பாதி ரிப்பேர் பயம். ரிப்பேருக்கு வருகிறேன்.

அதற்கு முன், கிளாஸ் டி சத்தமில்லாமல் ஜெயித்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தெருவில் தள்ளுவண்டியில் பதிவு செய்த குரலை ஓடவிட்டுக்கொண்டு உப்பு விற்கிறவரைப் பாருங்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் கையிருப்பு 84 வாட்-ஹவர். ஹார்னுக்குச் சராசரியாக 2 வாட் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் ஏபி ஐசி ஒன்று 9 வாட்டுக்குப் பக்கத்தில் இழுக்கும், ஒன்பது மணி நேரத்தில் பேட்டரி படுத்துவிடும். கிளாஸ் டி என்றால் 3 வாட், இருபத்தைந்து மணி நேரத்தைத் தாண்டும். (லெட் ஆசிட் பேட்டரியை முழுக்க வடிக்கக் கூடாது என்பது வேறு விஷயம்.) அவருக்குக் கிளாஸ் என்னவென்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை, தினமும் சார்ஜ் போடுகிறாரா ரெண்டு நாளைக்கு ஒருமுறை போடுகிறாரா என்பதுதான் வித்தியாசம். உங்கள் போன், புளூடூத் ஸ்பீக்கர், விரல் தடிமன் டிவி, காது கேட்கும் கருவி எல்லாவற்றிலும் இதே கணக்குதான் ஓடுகிறது. அங்கெல்லாம் ஏபிக்கு ஹீட்சிங்க் வைக்க இடமே கிடையாது.

இப்போது ரிப்பேர். 5200-1943 செட் போனால் மல்டிமீட்டரை டயோடில் வைத்து மூன்று காலையும் தொட்டால் எது ஷார்ட் என்று தெரிந்துவிடும், கழற்றிவிட்டு வேறு போட்டால் அரை நாளில் பாட்டு வரும். போலி டிரான்சிஸ்டர் மாட்டிக்கொள்ளாமல் இருந்தால். கிளாஸ் டி ஐசியில் 32 கால், ஒரு காலுக்கும் அடுத்ததற்கும் 0.65 மில்லிமீட்டர், சில ஐசிகளில் அடிவயிறும் போர்டோடு பற்றவைத்திருக்கும், சாதாரண சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சூடான காற்றால் பற்றவைப்பை உருக்குகிற ஹாட் ஏர் கருவி இருந்தாலும் புது ஐசியின் விலைக்குப் புது போர்டே வந்துவிடுகிறது. நான் புகை விடவைத்த அந்தப் போர்டைத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன், அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, "வேற ஒண்ணு வாங்கிக்குங்க தம்பி" என்றார். வாங்கினேன். பழையதிலிருந்து நான்கு காயில்களை மட்டும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், புதிதில் இருப்பதைவிட அவை பெரியவை.